காக்கதுவா என்ற ஒரே சொல்

செரம் தீவில் கொண்டைக்கிளிக்குப் பெயர் காக்கதுவா. கம்பி வெட்டும் குறட்டுக்கும் அதே பெயர்தான். போதாததற்கு, வீட்டின் மூத்த அக்காவையும் 'காக்க துவா' என்றே கூப்பிடுவார்கள். நாசமாய்ப் போன சொல்! கிளியின் அலகைப் பார்த்துக் குறட்டுக்குப் பெயர் வந்ததா, குறட்டைப் பார்த்துக் கிளிக்கு வந்ததா என்று சாகோப் பனை மாவு பிழியும் இடத்தில் ஓயாமல் வாக்குவாதம் நடக்கும்.

"ரெண்டும் இல்லப்பா. கொண்டையச் சிலுப்பிக்கிட்டு ஊரே அதிரக் கத்துறது யாரு? நம்ம தொர்சிலா அக்கா! அவளப் பாத்துத்தான் கிளிக்கே பேரு வச்சாங்க" என்பான் பக்கத்து வீட்டு நூஸ்.

"உன் வாயில சாகோவ வச்சு அடைக்க!" என்று தொர்சிலாவும் சிரிப்பாள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. தாய் செத்தபோது தம்பி எலிஃபாஸ் கைக்குழந்தை. பெண் கேட்டு வந்தவனிடம், "இவனையும் கூட்டிக்கிட்டுத்தான் வருவேன்" என்றாள். போனவன் திரும்பி வரவேயில்லை. அதன்பின் அவளுக்கு எல்லாமே எலிஃபாஸ்தான். அவன் வளர்ந்து கிளி பிடிக்கும் தொழிலுக்குப் போனான்.

அன்று காலை மலையுச்சியில் மழை இருட்டிக்கொண்டிருந்தது. ஓடையோரம் மாவு பிழியும் இடத்திலிருந்து நூஸ் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"அக்கா, எலிஃபாஸ் மேல் ஓடையிலருந்து காக்கதுவா, காக்கதுவான்னு கத்துறான். சீக்கிரமாம்!"

"கிளிக்கூட்டம் இறங்கிருச்சாடா?"

"பின்ன வேறென்ன?"

கிளி பிடிக்கிறவன் அப்படிக் கத்தினால் யார்தான் வேறு நினைப்பார்கள்? கூட்டத்தை அழைக்கப் பழக்கிய கிளியைக் கேட்கிறான். இரண்டு மாதமாக ஒன்றுகூடச் சிக்கவில்லை. நூஸ் தன் மாவு வேலைக்குத் திரும்ப, அவள் தோளில் கூண்டும் இடுப்பில் அரிவாளுமாகச் சந்தோஷமாக மலையேறினாள்.

எலிஃபாஸ் ஓடைக்குள் விழுந்து கிடந்தான். காட்டுப்பன்றிக்கு யாரோ வைத்த கம்பிச் சுருக்கு அவன் கணுக்காலில் சதைக்குள் புதைந்து இறுக்கியிருந்தது.

"கொண்டாந்தியா?"

அவள் கூண்டைக் காட்டினாள்.

"ஐயோ அக்கா... இந்தக் காக்கதுவாவையா கேட்டேன்? கம்பி வெட்டுற காக்கதுவா!"

அவள் கூண்டைக் கீழே போட்டாள். அரிவாளால் கம்பியைக் கொத்தினாள், வாய்தான் மழுங்கியது. கம்பியைக் கட்டியிருந்த வேரோ பாறைக்கடியில், எட்டவில்லை. வீட்டுக்குப் போய் வர ஒரு மணி நேரம் ஆகும். அதற்குள் தண்ணீர் கலங்கிச் செந்நிறமாயிற்று, முழங்காலுக்கு ஏறியது. மேலே வெள்ளம் இரையும் சத்தம் இருவருக்கும் கேட்டது.

"ஓடிட்டு வந்துடறேண்டா."

"வரும்போது நான் இருக்க மாட்டேன்." அவன் சுருக்கு விழுந்த காலைச் சிரமப்பட்டுத் தூக்கி ஒரு கல்லின்மேல் வைத்தான். "வெட்டு."

"டேய்! நான் வளத்த காலுடா அது!"

"வெட்டுக்கா!"

அவள் தலைத்துணியைக் கிழித்து அவன் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டினாள். அரிவாளைக் கல்லில் நாலு இழுப்பு தீட்டினாள். கை ஓங்கியதும் கண்கள் தாமாக மூடிக்கொண்டன.

"கண்ணத் திற அக்கா, குறி தப்பிரும்" என்றான் எலிஃபாஸ்.

அவள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே மூன்று முறை வெட்டினாள்.