ஒரு மிடறு கூடக் குடித்தவள்

தொலைபேசி மணி அடித்தபோது குசினியில் அடுப்பருகே குழாயடியில் குடம் நிறைந்துகொண்டிருந்தது. முதலில் குழாயை மூடினேன். தெருவில் சத்தம் ஏதும் இல்லையா என்று காது கொடுத்துக் கேட்டேன். அதற்குப் பிறகுதான் எடுத்தேன். பரமேஸ்வரி அக்கா விடியற்காலையில் ஆஸ்பத்திரியில் போய்விட்டாராம்.

அக்காவை அறிந்த உங்களில் பலர் அவரிடம் இதைக் கேட்டிருக்கிறீர்கள்: கலவரமெல்லாம் பார்த்தவர் ஏன் தண்ணீரைப் பற்றி மட்டும் கவிதை எழுதுகிறார்? எங்கள் கந்தோரில் கூட வேலைசெய்த செல்வராஜ் கேலி செய்வார்: "கண்டியில மழ விடுறதே இல்ல. நீங்க தண்ணி தண்ணின்னு எழுதுறீங்களேக்கா!" அக்கா கோப்பிலிருந்து தலை நிமிர்த்தாமல் சொல்வார்: "மழை பெய்யிறது வேற தம்பி. குடிக்க விடுறது வேற."

அவர் பிறந்த தீவில் கிணறெல்லாம் உவர். நல்ல தண்ணீருக்குக் குடத்தோடு வெகுதூரம் நடந்தவர். ஆனால் அவர் சொன்னது அந்தக் கிணறுகளைப் பற்றியல்ல என்பது எனக்குத் தெரியும்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தில் தமிழரைத் தேடித் தேடி அடித்தபோது, கண்டிக்குப் பக்கத்துத் திகனயில் ஒரு ஹாஜியார் எங்கள் இருவரையும் தம் கடையின் மேல்மாடிச் சாமான் அறையில் ஒளித்துவைத்தார். வெளியே பூட்டு. உள்ளே ஒரு கேத்தல் தண்ணீர். மூலையில் குழாய் இருந்தது. "அத மட்டும் தொறந்திராதீங்க புள்ளைகள். யான மாதிரி முனகும். மேல யாருமில்லண்டு சொல்லீக்கிறேன்" என்றார் ஹாஜியார்.

"தண்ணி தாற யானையைக் கட்டிப்போட்டிருக்கினம்" என்று அக்கா மெல்லச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கேத்தல் மூடியால் அளந்து குடித்தோம். ஒவ்வொரு மூடிக்கும் முன்னால் அக்கா கண்ணை மூடி ஏதோ முணுமுணுப்பார். "யாருக்குக்கா நன்றி சொல்றீங்க?" என்று கேட்டேன். "தண்ணிக்குத்தான். வேற ஆர் இப்ப எங்களுக்கு?"

இரண்டாம் நாள் மத்தியானம் அக்கா கண்ணயர்ந்திருந்தார். தெருவில் கண்ணாடி உடைந்தது. என் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கேத்தலின் அடியில் ஒரே ஒரு மிடறு இருந்தது. அது அக்காவின் பங்கு. குடித்துவிட்டேன்.

எழுந்ததும் அக்கா கேத்தலைக் கவிழ்த்துப் பார்த்தார். சேலைத் தலைப்பில் ஒரு கீற்றைக் கிழித்துக் குழாய் வாயில் கட்டி, நுனியைக் கேத்தலுக்குள் விட்டார். அந்த நேரம் பார்த்துக் கீழே சிங்களத்தில் ஆண்குரல்கள். யாரோ கடைக் கதவை உதைத்தார்கள்.

"வேணாங்க்கா, பயமா இருக்கு."

"எனக்கும்தான். அதுக்காகத் தாகம் நிக்குதே?"

கதவை உதைக்கும் சத்தத்தோடு சத்தமாக மயிரிழையளவு திருகினார். குழாய் ஒருமுறை முனகியது. கீழே பேச்சு நின்றது. என் வாயை நானே பொத்திக்கொண்டேன். பிறகு செருப்புச் சத்தங்கள் விலகிப் போயின. துணி வழியே தண்ணீர் ஓசையில்லாமல் இறங்கிக்கொண்டிருந்தது. முதல் மூடியை அக்கா எனக்குத் தந்தார்.

அந்த மிடற்றைப் பற்றி நான் சொல்லவேயில்லை. சில வருடங்களுக்குப் பிறகு அவருடைய புத்தகத்தில் வாசித்தேன்:

ஒரு மிடறு கூடக் குடித்தவளே,
உனக்கும் நன்றி.
உன் தொண்டை நனைந்த ஓசையில்தான்
நாம் இன்னும் இருக்கிறோம் என்று அறிந்தேன்.

அவர் தூங்கியிருக்கவில்லை. இத்தனை வருடம் பக்கத்து மேசையில் இருந்தும், "அது நான்தான் அக்கா" என்று சொல்லப் பயந்தேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது என் குசினிக் குழாயில் துணிக்கீற்றுக் கட்டும் பழக்கம். கீற்று நைந்துபோகும் போதெல்லாம் வேறு கட்டுவேன். இன்று அதை அவிழ்த்து, ஒருமுறையாவது தண்ணீரைச் சத்தமாக ஓடவிட நினைத்தேன். வாசலில் ஏதோ வாகனம் நின்றது. முடிச்சை இறுக்கினேன். கேத்தல் நிறைந்ததும் முதல் மூடித் தண்ணீரைத் தனியே எடுத்துவைத்தேன். அது அக்காவின் பங்கு.