பக்கவழியில் போன ரத்தம்

இடது பக்கம் திரும்பச் சொல்லிவிட்டு டீச்சர் வலது பக்கம் கையைக் காட்டியபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியில் தலை நரைக்கும் அளவுக்கு வேலை பார்த்தவர். பயிற்சிக் காரில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, காலடியில் இருக்கும் தனி பிரேக்கின் மேல் பாதத்தை வைத்தபடி, குரலை உயர்த்தாமல் கற்றுக்கொடுப்பார். கை நடுங்குகிறவர்களை அவரிடம்தான் அனுப்புவார்கள். “பயம் இருக்கிறவங்க நல்லா ஓட்டுவாங்க. பயமே இல்லாதவங்களைப் பார்த்தாத்தான் எனக்கு ஈரக்குலை நடுங்கும்” என்பார்.

ஒரு நாள் நாற்சந்தியில் குறுக்கே ஒரு வேன் வந்தது. டீச்சரின் கால் அசையவே இல்லை. கண் திறந்திருந்தது, ஆள் அங்கே இல்லை. கற்றுக்கொள்ள வந்த பெண்ணே பிரேக்கை மிதித்துவிட்டாள். கார் நின்ற குலுக்கலில் டீச்சருக்குச் சுய நினைவு வந்தது. பள்ளிக்குத் திரும்பியதும் சாவியை முதலாளி மேஜையில் வைத்தார்.

“இனிமே என்னைக் கார்ல ஏத்தாதீங்க. எனக்கு என்னமோ ஆகுது.”

வீட்டிலும் அப்படித்தான் இருந்தது. பகலெல்லாம் தூக்கம், கேட்டதற்குப் பாதிப் பதில். அவர் கணவர் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். எழுத்துதான் அவர் கண்ணில் முதலில் படும். மனைவியின் கையெழுத்து கோணிப்போய், கடைசி எழுத்து இல்லாமலே நிற்பதைப் பார்த்துவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

கல்லீரல் சுருங்கிக் கெட்டியாகிப் போயிருந்தது. உடம்பே தன் கல்லீரலைத் தாக்கிக்கொள்ளும் ஒரு வியாதி, பல வருஷமாகச் சத்தமில்லாமல் வேலை செய்திருக்கிறது. அக்கம்பக்கத்தில் வேறு மாதிரிப் பேசினார்கள். ஈரல் கெட்டால் குடிதானே காரணம் என்று யாரோ சொன்னது டீச்சரின் நாத்தனார் காதுக்கு எட்டியது. “எங்க அண்ணி இருமல் மருந்தையே முகத்தைச் சுளிச்சுக்கிட்டுத்தான் குடிப்பாங்க” என்று அவள் வீடு தேடிப்போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

இத்தனைக்கும் அண்ணிக்கும் நாத்தனாருக்கும் ஏழாம் பொருத்தம். நாத்தனார் திரைச்சீலை தைத்துக் கொடுக்கும் கடை வைத்திருந்தாள். ஒல்லி, வாய் மட்டும் பெரிது. ஒரு காலத்தில் அண்ணியிடம் கார் கற்றுக்கொள்ளப் போய், ஆரம்பத்திலேயே கோபித்துக்கொண்டு இறங்கியவள். அதற்கப்புறம் இருவரும் தேவைக்கு மேல் பேசிக்கொண்டதில்லை.

அறுவை மருத்துவர் பொறுமையாக விளக்கினார்.

“குடல்ல இருந்து வர்ற ரத்தம் போர்ட்டல் சிரைங்கிற பெரிய குழாய் வழியா கல்லீரலுக்குப் போய், சுத்தமாகித்தான் மத்த இடத்துக்குப் போகணும். இவங்க கல்லீரல் கெட்டியானதால ரத்தம் உள்ளே நுழைய முடியல. மண்ணீரல் பக்கத்துல ஒரு சின்னக் குழாய் பெருத்து, அது வழியா சுத்திப் போகுது. அந்த அழுக்கு நேரா மூளைக்குப் போறதாலதான் இந்தக் குழப்பம்.”

“கல்லீரலை மாத்திட்டா சரியாகிடுமா?” என்று கேட்டார் கணவர்.

“மாத்தினாலும் ரத்தம் பழக்கதோஷத்துல பக்கவழியிலயே போகலாம். புதுக் கல்லீரல் பட்டினி கிடக்கும்.”

“அப்போ அதை அடைச்சிடுங்களேன்.”

“உயிரோட இருக்கிறவங்க ஒரு துண்டுதான் தர முடியும். மொத்த ரத்தமும் சின்னத் துண்டு மேல பாஞ்சா அதுவும் தாங்காது. எவ்வளவு விடலாம்னு உள்ளே போய் அளந்துதான் முடிவு பண்ணணும்.”

யார் தருவது? கணவரின் ரத்த வகை சேரவில்லை. மகள் முன்வந்தாள். தெளிவாக இருந்த ஒரு காலையில் டீச்சர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்: “வேண்டாம்.” வீட்டில் எல்லோரும் ஆளுக்கொரு மூலையாக உட்கார்ந்திருந்தபோது நாத்தனார் கேட்டாள்:

“என்னை யாருமே கேக்கலையே?”

“உன்கிட்ட எப்படிக் கேக்கறது?” என்றார் அண்ணன்.

“வாயாலதான்.”

சோதித்ததில் அவள் ரத்த வகை சேர்ந்தது. அறுவை சிகிச்சை விடிந்ததும் ஆரம்பித்துச் சாயங்காலம் வரை நீண்டது. மருத்துவர் வெளியே வந்தபோது அவர் முகத்தில் முகக்கவசத்தின் தடம் பதிந்திருந்தது.

“துண்டைப் பொருத்தி ரத்தத்தைத் திறந்துவிட்டோம். பளிச்சுனு சிவக்கணும், மங்கலாவே இருந்துது. அளந்து பார்த்தா போர்ட்டல் ஓட்டம் ரொம்பக் கம்மி. பக்கக் குழாயை இறுக்கிப் பிடிச்சோம். ஓட்டம் ஏறிச்சு, ஆனா அழுத்தமும் எகிறிச்சு. கடைசியில அந்தக் குழாயைச் சுத்தி ஒரு பட்டை போட்டு, முக்காவாசி மூடி, கொஞ்சம் வழி விட்டிருக்கோம். இப்போ நல்ல நிறத்துக்கு வந்திருக்கு.”

கணவர் தங்கையைப் பார்க்க அடுத்த கட்டிடத்துக்குப் போனார். அவள் பக்கத்தில் யாரும் இல்லை. எல்லோரும் டீச்சர் இருந்த கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்தார்கள்.

“என்னோடது வேலை செய்யுதா, அண்ணா?”

“செய்யுது. முதல்லதான் கொஞ்சம் மங்கலா இருந்துச்சாம்” என்று உளறிவிட்டார்.

அவள் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். “சின்னதாப் போச்சு போல” என்றாள். அதற்குப் பிறகு யார் என்ன கேட்டாலும் தலையசைப்புதான். அவள் பேசாமல் இருப்பது வீட்டார் யாரும் கண்டிராத ஒன்று.

எழுந்து உட்கார முடிந்ததும் டீச்சர் செவிலியிடம் சக்கர நாற்காலி கேட்டார். இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே இருந்த நீண்ட பாதையில் மகள் தள்ளிக்கொண்டு போனாள். நாத்தனாரின் கட்டிலருகே நாற்காலி நின்றதும், அண்ணியும் நாத்தனாரும் வயிற்றில் கையை வைத்தபடி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“வலிக்குதா?” என்றார் டீச்சர்.

“சிரிச்சா வலிக்குது அண்ணி. நல்லவேளை, நமக்குள்ள சிரிக்கிற மாதிரிப் பேச்சு கிடையாது.”

இருவரும் சிரித்தார்கள். வலியில் முனகிக்கொண்டே சிரித்தார்கள். பிறகு டீச்சர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, “எனக்குத் தலை தெளிஞ்சிருக்கு. உன்னைப் பார்த்தா நீதான்னு தெரியுது. அது எவ்வளவு பெரிய விஷயம்னு உனக்குத் தெரியாது” என்றார்.

வீடு திரும்பிச் சில மாதம் நன்றாகப் போயிற்று. பிறகு ஒரு மத்தியானம் மகள் மெதுவாகச் சொன்னாள்: “அம்மா, இதையேதான் கொஞ்ச நேரம் முன்னாடியும் கேட்டீங்க. நான் பதில் சொன்னேன்.” டீச்சர் கையிலிருந்த துணியை மடிக்காமல் கீழே வைத்தார். இந்தத் தடவை அவருக்கு நிஜமாகவே பயம் வந்தது. முன்பு என்ன நடக்கிறது என்று தெரியாமல் இருந்தார். இப்போது தெரிந்திருந்தது.

ஸ்கேன் எடுத்துப் பார்த்ததில், விட்டு வைத்த அந்தக் கொஞ்சம் வழி மறுபடி பெருத்திருந்தது. நாத்தனாருக்கு ஆற்றாமை.

“அப்பவே முழுசா அடைச்சிருக்கலாமே, டாக்டர்?”

“அப்போ அடைச்சிருந்தா அந்தத் துண்டு செத்திருக்கும். இப்போ பாருங்க, எவ்வளவு வளர்ந்திருக்கு. இனிமே மொத்த ரத்தத்தையும் இது தாங்கும்.”

அவள் ஸ்கேன் படத்தை வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்த முறை வயிற்றைத் திறக்கவில்லை. கழுத்து நாளம் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, பக்கவழியை உள்ளிருந்தே அடைப்பு வைத்து மூடினார்கள். டீச்சர் விழித்திருந்தபடியே படுத்திருந்தார். அதன்பிறகு குழப்பம் வரவில்லை.

இப்போது அவர் பயிற்சிப் பள்ளியின் வகுப்பறையில் சாலை விதிகள் நடத்துகிறார். காரில் ஏறலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். முதலாளியும் கேட்டுப் பார்த்துவிட்டார்.

“டாக்டருக்கு என்மேல நம்பிக்கை வந்துடுச்சு. எனக்கு இன்னும் வரல. வரட்டும், பார்த்துக்கலாம்” என்கிறார் டீச்சர்.

ஓய்வு நாட்களில் நாத்தனாரின் கடைக்குப் போய், வெட்டிய துணிக்கு ஓரம் மடித்துக் கொடுக்கிறார். மடிப்பு நேராக இல்லை என்று அவள் பிரித்துப் போடுகிறாள். டீச்சர் முணுமுணுத்துக்கொண்டே மறுபடி மடிக்கிறார்.