ஐம்பத்திரண்டுக்குப் பயந்த அய்யாவு

பிரிக்பீல்ட்ஸ் ரயில் பட்டறையில் அய்யாவு சம்மட்டியை ஓங்கினால் கிள்ளானில் பல்லி கத்தும் என்பார்கள். அப்பேர்ப்பட்டவர் 1931ஆம் ஆண்டுக் கடைசியில் வெறும் ஓர் எண்ணுக்குப் பயந்து சோறு இறங்காமல் கிடந்தார்.

எல்லாம் சங்க மண்டபத்துச் சுவரால் வந்த வினை. அங்கே நான்கு படங்கள். நாயனக்காரர் பக்கிரிசாமி, அவர் ஊதினால் ரயில் கூவ மறந்துவிடும். சிலம்ப வாத்தியார் விஜயன். மழையில் கம்பு சுற்றினால் தலை நனையாது. சமையல்காரர் ரமணி, அவர் ரசத்தின் மணத்துக்கே காய்ச்சல் இறங்கும். ஆஸ்பத்திரி டிரெசர் கந்தப்பு. தெருவில் போகிறவன் இருமினால் வீட்டுக்குள்ளிருந்தே மருந்து சொல்லுவார். நால்வர் படத்துக்குக் கீழேயும் ஒரே எழுத்து: மறைந்தபோது வயது 52.

கப்பலேறிய அன்று கங்காணி பல்லைப் பார்த்து எழுதிவைத்த கணக்குப்படி, அய்யாவுக்கு வருகிற தையில் ஐம்பத்திரண்டு பிறக்கிறது.

"கெட்டிக்காரனெல்லாம் அம்பத்திரண்டுல போயிடுறான், இராஜம்மா."

"அப்போ உங்களுக்கு ஒரு பயமும் இல்லையே!" என்றாள் மனைவி.

அவள் கவலை வேறு. மகள் பவுனம்மாளுக்குக் கிள்ளானில் நல்ல இடம் அமைந்திருந்தது. தாலி ஏறிய கையோடு தான் போய்விட்டால் பெண்ணை ராசியில்லாதவள் என்பார்களே என்று அய்யாவு நாள் குறிக்காமல் இழுத்தடித்தார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் இல்லையென்றால் காஜாங்கில் வேறு பெண் பார்ப்போம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொல்லியனுப்பிவிட்டார்கள்.

வியாழக்கிழமை, டிரெசரைக் கொண்டுபோனது என்ன நோய் என்றாவது தெரிந்துகொள்வோம் என்று அய்யாவு டிரெசரின் மனைவி குணபூசணியிடம் போனார். அந்த அம்மாள் மண்டபத்துப் பக்கமே போகாதவர்.

"அம்பத்திரண்டோ? ஆர் சொன்னது? அவர் அம்பத்தஞ்சில பென்சன் எடுத்து, பிறகும் ஆறு வரியம் இருந்தவரெல்லோ! எனக்கு ஏலாதெண்டு வண்டிக்காரக் கன்னையாதான் பொலிசில போய்ச் சாவைப் பதிஞ்சவன். அவனைக் கேளும்."

அய்யாவு ஓடினார். கன்னையா ஊர்ப் பிணங்களைச் சுமக்கும் வண்டிக்காரன். மாட்டுக்குப் புல் போட்டுக்கொண்டே சொன்னான்.

"வயசு தெரியாதுன்னா சீட்டுத் தரமாட்டாங்கண்ணே. சீட்டு இல்லாம குழி வெட்டவும் முடியாது. மொதல்ல ஒரு தடவ, கேட்டுட்டு வான்னு தொரத்திட்டாங்க. பொழுது சாயிற வரைக்கும் பொணம் மழையில கெடந்துச்சு. அன்னைலேருந்து யாருக்கும் அம்பத்திரண்டுதான். கெழவனும் இல்ல, கொமரனும் இல்ல, எல்லாருக்கும் பொருந்தும்லா. சங்கத்துக்காரங்க அந்தச் சீட்டப் பாத்துத்தான் படத்துல எழுதுனாங்க."

அய்யாவு கையை ஓங்கிவிட்டார். பிறகு என்னவோ தோன்ற, கேட்டார்: "எங்க ஆத்தாவுக்கு?"

"அதே அம்பத்திரண்டுதான்."

ஆத்தாள் செத்தபோது அய்யாவுக்கே நாற்பத்தைந்து! ஏழு வயதில் தன்னைப் பெற்றவளை நினைத்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கூடவே கண்ணும் நிறைந்தது. அன்றும் மேகம் கவிந்துதான் இருந்தது. ஆத்தாள் மேல் ஒரு தூறல் விழுமுன் மண்ணுக்குள் வைத்தாயிற்று. அது இவன் சொன்ன பொய்யால்தான்.

ஓங்கிய கை கும்பிட்டது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கிள்ளானுக்கு ஆள் போனது. தையில் கல்யாணம். நால்வர் படத்துக்கும் புது மாலை விழுந்தது. பந்தியில் முதல் இலை கன்னையாவுக்கு, அய்யாவே பரிமாறினார்.

"நல்லா சாப்புடுப்பா. ஆனா நான் போறப்ப நீ வாயத் தொறக்கக் கூடாது."

"வயசு கேட்டா என்னண்ணே சொல்றது?"

"நூத்தி ரெண்டுன்னு சொல்லு. அதுவரைக்கும் வண்டிய ஓட்டிக்கிட்டு இரு."

கன்னையா தலையாட்டிவிட்டு இன்னும் கொஞ்சம் பாயசம் கேட்டான்.