கள்ளில் ஊறிய சங்கு மூடி

என் கைப் பகூரை யாராவது மெச்சினால் எனக்குத் தலைகால் புரியாது. கேட்டதற்குமேல் நாலு கதை சேர்த்துச் சொல்லிவிடுவேன். அன்றும் அதுதான் நடந்தது.

மன்னார்ப் பக்கம் ஓலைத்தொடுவாயில் எங்கள் வீடு. கணவர் சங்கு குளிக்கிறவர். சங்கின் வாயை அடைத்திருக்கும் தட்டையான மூடியை நாங்கள் எறிவதில்லை. தணலில் போட்டுப் புகைக்கிற வாசனைத்தூளான பகூருக்கு அதுதான் உயிர். மல்லிகையையும் தாழம்பூவையும் சந்தனத்தூளோடு தகரப் பேணியில் அடுக்கி மூடிவைத்தால் தூளில் பூவாசம் ஏறும். ஆனால் தணலைக் கண்டதும் அது ஓடிவிடும். அதைத் துணியில் பிடித்து நிறுத்துவது மூடித்தூள். சுத்தம் செய்யாமல் போட்டால் நகம் கருகிய நாற்றம் அடிக்கும். ஊறவைத்து, காயவைத்து, வறுத்து இடித்துப் போட்டால், குளிப்பாட்டித் துவட்டிய குழந்தையின் உச்சந்தலை வாசம் வரும்.

மன்னார் ரவுனில் தையல் வேலை செய்கிற ராத்தாதான் என் பகூரை முதலில் நாலு பேருக்குச் சொன்னவர். ராத்தா என்றால் முஸ்லிம் ஆட்கள் அக்காவுக்குச் சொல்லும் சொல். நான் மாதா கோயிலுக்குப் போகிற வேதக்காரி என்றாலும் எனக்கும் அவர் ராத்தாதான். மகளின் கலியாணத்துக்கு, கூறைச்சேலைக்கும் தலைமுடிக்கும் புகை பிடிக்க என்னிடமே பகூர் கேட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

கலியாணத்தன்று காலை நானும் ராத்தா வீட்டில் நிற்கும்போது மாப்பிள்ளையின் தாய் வந்தார். புகை பிடித்த சேலையை மடியில் வைத்து முகர்ந்தார்.

“கடல் சாமான் போட்டதெண்டே தெரியேல்லயே. அந்த வெடில் நாத்தம் எப்பிடிப் போச்சு?”

“கள்ளிலதான் மாமி!” என்றேன். “விடிய இறக்கின பனங்கள்ளில ஊறப்போட்டா ஒரு வெடிலும் நிக்காது. எங்கட ஆக்கள் எல்லாரும் அப்பிடித்தான் செய்யிறவை.”

சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. அந்த அம்மா சேலையை மடியிலிருந்து எடுத்துக் கதிரையில் வைத்தார். ராத்தாவின் முகத்தில் ஈயாடவில்லை.

முஸ்லிம் ஆட்களுக்குக் கள் ஆகாது என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் குடித்தால்தான் எனக்கு அது கள். ஊறப்போடும்போது அது புளித்தண்ணி மாதிரி இன்னொரு சாமான். அந்த இரண்டையும் என் மரமண்டை ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

ராத்தா தணலில் தண்ணீரை ஊற்றினார். தலையைப் புகையில் உலர்த்தி முடித்திருந்த மணப்பெண் மறுபடி குளிக்கப் போனாள். கூறைச்சேலை வாளிக்குள் போயிற்று.

“வாங்கின இடத்தில ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே,” என்றார் மாப்பிள்ளையின் தாய். என்னிடம் அல்ல, ராத்தாவிடம்.

“என்ட பிழைதான்,” என்றார் ராத்தா.

சேலையை அலசிக் கொடுக்கலாம் என்று வாளிக்குக் கிட்டப் போனேன். ஒரு பெண் வாளியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். நிலம் பிளந்து என்னை விழுங்கினால் நல்லது என்றிருந்தது. கூறை கொடியில் சொட்டிக்கொண்டிருக்க, வேறொரு சேலையில்தான் அந்தப் பிள்ளை மணப்பெண்ணாக உட்கார்ந்தாள். ராத்தா என்னைச் சாப்பிடாமல் விடவில்லை.

அதன்பிறகு அந்தத் தெருப்பக்கம் தலைகாட்டவில்லை. சட்டை தைக்கவும் வேறு ஆளைப் பிடித்தேன். கடைசியில் ராத்தாவே பஸ் ஏறி என் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“கள்ளில்லாமச் செய்யேலாதா?”

“தேசிக்காய்ப்புளியில செய்யலாம் ராத்தா,” என்றேன், அவர் முகத்தைப் பார்க்காமல், கூடையிலிருந்த எலுமிச்சைகளைப் பார்த்து.

“அப்ப இப்பவே ஊறப்போடுங்க. நான் இருந்து பாக்கிறன்.”

கள்ளில் ஊறவைக்கும் என் பழைய சட்டியை எடுக்கப் போனேன். அவர் தடுத்து, பையிலிருந்து புதுப் பேசின் ஒன்றை எடுத்து வைத்தார்.

“பெருநாளைக்கு மகளிட மாமியார் வீட்டுக்கு உங்கட பகூர்தான் குடுக்கப்போறன். கள்ளுப் படேல்ல எண்டு நான் சத்தியம் பண்ணிச் சொல்லவேணும். அதுக்குத்தான் வந்தனான்.”

என் கையால் எதைக் கொடுத்தாலும் கேள்வி கேட்காமல் வாங்கியவர், என் கையை விட்டுக் கண்ணெடுக்காமல் கதிரையில் உட்கார்ந்திருந்தார். என் சொல் இனி அந்த வீட்டில் செல்லாது. அவருடையது செல்லும். அந்தச் சொல்லை எனக்காகக் கொடுக்கத்தான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். வெட்கத்தில் எனக்குக் கண் நிறைந்தது. தேசிக்காய் பிழிந்த கையால் துடைக்கவும் முடியவில்லை.