வாசல் பலகையின் இரண்டாவது வரி

பிள்ளைகளா, நம் நாய்க் காப்பகத்துக்கு வருகிறவர்களிடம், "எங்க அம்மாதான் ஆரம்பிச்சாங்க, அப்பா சும்மா வேலி கட்டினாரு" என்று சொல்லித் திரிகிறீர்கள். வாசல் பலகையில் சிவப்புச் சாயத்தில் இருக்கும் இரண்டாவது வரியையும் அம்மா எழுதியதாகச் சொல்லிச் சிரிக்கிறீர்கள். நடந்ததை எழுதி வைக்கிறேன். படிவம் மூன்றோடு படிப்பை விட்டவன் எழுதுவது. தப்பு இருந்தால் அதற்கும் சேர்த்துச் சிரித்துக்கொள்ளுங்கள்.

அப்போது நான் சாஆ ஊர்ப் பக்கம் செம்பனைப் பழ லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் பாதையோரத்தில், காட்டுப்பன்றிக்கு வைத்த கம்பிச் சுருக்கில் ஒரு பெண்நாய் மாட்டிக் கிடந்தது. கம்பியை வெட்டிச் சாக்கில் சுற்றித் தூக்கிப் போனேன். மிருக வைத்தியர் உயிரைக் காப்பாற்றினார், முன்னங்கால் ஒன்றைக் காப்பாற்ற முடியவில்லை. உங்கள் அம்மாவிடம், "ஒரு வாரந்தான்" என்றேன். ஆக, ஆரம்பித்தவன் நான். அந்த ஒரு வாரம் இன்னும் முடியவில்லை என்று அம்மா சொல்வதும் நிஜந்தான்.

செய்தி பரவியது. பிஸ்கட் பெட்டியில் குட்டிகள் வந்தன. சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன யாரோ தன் நாயை நம் கேட்டில் கட்டிவிட்டு, "நல்ல நாய். கொஞ்சம் குரைக்கும்" என்று ஒரு சீட்டும் வைத்துவிட்டுப் போனார். கொஞ்சமா அது! அக்கம்பக்கத்தார் பொறுத்த வரைக்கும் பொறுத்தார்கள். அதன் பிறகுதான் செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் இந்த இடத்தை வாடகைக்குப் பிடித்து வேலி போட்டோம்.

முதல் புரட்டாசி வந்தது. கோழிக் கறி மிச்சத்தை நாய்க்கென்று எடுத்து வருகிறவர்களுக்காக ஒரு பலகையில் கறுப்புச் சாயத்தால் எழுதி மாட்டினேன்: "புரட்டாசி விரதம். உள்ளே அசைவம் கூடாது." எழுதி முடித்ததும் எனக்கே ஒரு கேள்வி வந்தது. அப்படியென்றால் நாய்களுக்கு?

"என்னங்க, அதுங்க என்ன வேண்டுதலா வெச்சிருக்குதுங்க?" என்றாள் அம்மா.

"ஒரே வேலிக்குள்ள ரெண்டு சட்டம் எப்படி?"

"சட்டமா! சரி லா. நீங்களே ஆக்குங்க, நீங்களே போடுங்க. நான் பார்க்கிறேன்."

சோறு, பருப்பு, பூசணிக்காய். முதல் நாள், அடியில் ஏதோ இருக்கிறது என்று நம்பித் தின்றன. இரண்டாம் நாள் அடிவரை தோண்டிப் பார்த்தன. மூன்றாம் நாள் பூசணித் துண்டுகளை மட்டும் சுத்தமாக நக்கி, தட்டுக்கு வெளியே வரிசையாக வைத்துவிட்டன. மூன்றுகாலி தட்டைப் பார்க்கும், பிறகு என்னைப் பார்க்கும். லோரியில் பழம் குறைந்தால் கங்காணி என்னைப் பார்ப்பாரே, அதே பார்வை.

ஐந்தாம் நாள் காலை அதைக் காணோம். வேலிக்கு அடியில் பள்ளம்.

அந்த வாரந்தான் வேலிக்கு அந்தப் பக்கம் புதிதாக இரண்டு சுருக்குகளைப் பார்த்திருந்தேன். இருக்கிற ஒரே முன்னங்காலும் போனால் அது எழுந்து நிற்கவே முடியாது. அதற்குச் சுருக்கு வைத்தவன் மட்டும் காரணமாக மாட்டான். என் பூசணிக்காயும்தான். செம்பனை வரிசை வரிசையாகக் கூப்பிட்டுக்கொண்டே போனேன். தரையில் கம்பி மின்னும் இடத்திலெல்லாம் குனிந்து பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அங்கே எதுவும் இல்லாததற்குக் கும்பிடு போட்டேன்.

ரோட்டுச் சந்திப்பில் இருக்கும் காப்பிக் கடையில்தான் இருந்தது. கோழி தொங்கவிட்டிருக்கும் மேசைக்குக் கீழே, மாதக் கணக்கு வைத்திருக்கும் வாடிக்கைக்காரர் மாதிரி. கால்களை எண்ணினேன். மூன்றும் இருந்தன. உட்கார்ந்துவிட்டேன்.

நடந்ததைச் சொன்னதும் கடை முதலாளி, சீனத் தவுக்கே, வயிறு குலுங்கச் சிரித்தார். "அஞ்சிங் மானா அடா புவாசா லா!" நாய்க்கு ஏதப்பா நோன்பு என்கிறார்.

"வாம்மா, வீட்டுக்குப் போலாம்" என்று கெஞ்சினேன். மூன்றுகாலி கோழியைத்தான் பார்த்தது. தவுக்கே கழுத்தும் தோலுமாக ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு என் கையில் மாட்டினார். விரதக்காரன் நான், பையைக் கை எட்டும் தூரத்துக்கு நீட்டிப் பிடித்து, செம்பனைக்குள் இறங்காமல் தார் ரோட்டோரமாகவே நடந்தேன். மூன்றுகாலி என் பின்னால் வரவில்லை. பைக்குப் பின்னால் வந்தது.

உரம் போட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் திரும்பிய இரண்டு பெண்கள் வேகத்தைக் குறைத்தார்கள்.

"என்னா அண்ணே, புரட்டாசியில கோழியா?"

"நாய்க்கும்மா!"

"எல்லாரும் அப்படித்தாண்ணே சொல்றாங்க!"

கேட்டில் அம்மா நின்றாள். அவளும் முதலில் கால்களைத்தான் எண்ணினாள். பிறகு பையைப் பார்த்தாள். உள்ளே போய் மூன்று செங்கல்லும் ஒரு பழைய சட்டியும் கொண்டுவந்து வேலிக்கு வெளியே வைத்தாள். "உங்க சட்டம் உள்ளதானே? இங்க ஆக்குங்க" என்றாள். அந்தச் சட்டிதான் இன்றும் வெளியே கிடக்கிறது.

சாயங்காலம் அம்மா வீட்டுக்குப் போன பிறகு, வேலிக்கு அடியில் இருந்த பள்ளத்தைக் கல் போட்டு மூடினேன். கேட்டுக்குப் பூசியதில் கொஞ்சம் சிவப்புச் சாயம் மீதி இருந்தது. பலகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, கறுப்பு வரிக்குக் கீழே, என் கோணல் எழுத்தில் எழுதினேன்: "மனிதர்களுக்கு மட்டும்."