இருக்கைத் தகட்டில் ஐந்து எழுத்து

சித்திரை வெயிலில் இரும்பு கொதிக்கும். விபத்து நடந்த நாளும் ஒவ்வொரு வருடமும் அந்த வெயிலில்தான் வரும். பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றவர்கள் தொட்டு அழும்போது கை பொரிந்துவிடக் கூடாதென்று ராஜமாணிக்கம் முன்னதாகவே வந்து, நினைவு இரும்பின்மேல் ஈரச் சாக்கைப் போர்த்தி வைப்பார். ஆள் வரும் சத்தம் கேட்டதும் சாக்கைச் சுருட்டி, பொட்டு ஈரம் இல்லாமல் துடைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். ஒரு வருடம் சீக்கிரமாக வந்துவிட்டதால்தான் வெள்ளையம்மாளுக்கே அது தெரிந்தது.

தொண்ணூற்றிரண்டில், அடி அண்ணாமலையிலிருந்து பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப் போன பேருந்து கவிழ்ந்து ஏழு பேர் போனார்கள். வெள்ளையம்மாளின் ஒரே மகள் எழிலரசியும் போனாள். வேங்கிக்காலில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த ராஜமாணிக்கம்தான் வண்டியை வெட்டி அப்புறப்படுத்தினார். ஓர் இருக்கையின் முதுகுத் தகட்டில் எழிலரசி என்று ஆணியால் கீறிய பெயர் இருந்தது. அதைப் பழைய இரும்போடு போட அவருக்குக் கை வரவில்லை. ஊரார் அதையே கிரிவலப் பாதையோரம் நினைவாக நட முடிவு செய்தார்கள்.

“நிமித்தி, சில்வர் பெயிண்ட் அடிச்சு பளபளன்னு வெச்சுடுப்பா” என்றார் ஊர்ப் பெரியவர் அப்பாசாமி.

“நிமித்தினா இது வெறும் சீட்டுங்க. கடையிலயே புதுசா கெடைக்கும்.”

நெளிவை அப்படியே விட்டார். துருவைத் தேய்த்துச் சிவப்பு பிரைமர் பூசினார். பெயர் இருந்த உள்ளங்கை அகலத்துக்கு மட்டும் நிறமில்லாத வார்னிஷ். வெள்ளையம்மாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. விரலால் தடவி ஐந்து எழுத்தையும் எண்ணிக்கொள்வாள்.

பௌர்ணமிக்குச் சுற்ற வருகிறவர்கள் அதை ஏதோ கன்னித் தெய்வம் என்று நினைத்து உப்பும் மிளகும் கொட்டிவிட்டுப் போனார்கள்.

“யோவ், உப்பு பட்டா எம் பொண்ணு பேரு போயிடும்யா!” என்று வெள்ளையம்மாள் விரட்டுவாள். மறுநாள் காலையில் ராஜமாணிக்கம் சைக்கிளில் வந்து, கழுவி, துடைத்து, எண்ணெய் தடவிவிட்டுப் போவார். பத்து வருடத்துக்கு மேல் அது தவறவில்லை.

இரண்டாயிரத்து மூன்று ஆடியில் அவருக்கு மஞ்சள் காமாலை முற்றியது. ஆஸ்பத்திரியில் கை விரித்துவிட்டார்கள். வெள்ளையம்மாள் அண்ணாமலையாரிடம் அழுதாள். பிறகு மகளிடமே போனாள். உப்பையும் மிளகையும் மஞ்சள் துணியில் முடிந்து தகட்டின் மேல்முனையில் கட்டி, “உன்னப் பாத்துக்கிட்ட மாமாடி. நீதான் எழுப்பி வுடணும்” என்று வேண்டினாள். ஒரு மண்டலம் அவிழ்க்கக் கூடாது.

மழை பிடித்துக்கொண்டது. முடிச்சு நனைந்து உப்புத் தண்ணீர் பெயரின்மேல் வழிந்தது. மூன்றாம் வாரமே துரு பூத்ததை அவள் பார்த்தாள். முடிச்சில் கை வைத்தாள். அவிழ்த்தால் அவர் உயிருக்கு ஆகாது என்று கையை எடுத்துக்கொண்டாள்.

நாற்பத்தெட்டாம் நாள் கழிந்து, ராஜமாணிக்கம் எலும்பும் தோலுமாக வந்து நின்றார்.

“இத யாரு கட்னதுக்கா?”

“நாந்தான் தம்பி. உனக்குத்தான்.”

அவர் முடிச்சை அவிழ்த்தார். மண்ணெண்ணெய்த் துணியால் அரைநாள் மெல்ல மெல்லத் துடைத்தார். முதல் மூன்று எழுத்தும் துருவோடு போய்விட்டன. ‘ரசி’ மட்டும் நின்றது. அதன்மேல் வார்னிஷ் பூசினார். மறுநாள் வேலூரில் இருந்த தன் மகள் வீட்டுக்குப் போனவர் திரும்பவில்லை. தீபத்துக்கு முன்பே அவர் இறந்த செய்தி வந்துவிட்டது.

வார்னிஷ் பூசிய அன்றைக்கு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கிளம்பும்போது அவர் சொன்னது இதுதான்: “மூணு எழுத்த எனக்குக் குடுத்துட்டா உம் பொண்ணு. மீதி ரெண்டு ஒனக்கு. வார்னிஷ் இன்னும் காயலக்கா, இப்ப தொடாத. நாளைக்கு வந்து தொடு.”