உறை போடாத சீட்

அக்பர் பாஷா முப்பது வருஷமாக ஊரார் காருக்குச் சட்டை தைத்தவர். ராயப்பேட்டையில் கார் சாமான் விற்கும் தெருவில், ஒரே ஒரு ஷட்டர் அகலத்துக்கு அவர் கடை. சீட் கவர் என்றால் பாஷா பாய்தான் என்று பேர். பேர் பெரிய பேர்தான், ஆனால் கையில் மிஞ்சியது முதுகுவலி. அந்த மனுஷனுக்கும் ஐம்பத்தெட்டு வயதில் சொந்தக் கார் வாங்கும் நாள் வந்தது.

ஷோரூம் படி ஏறும்போதே அலுப்பாக இருந்தது. மகன் காஷிஃப் ஒரு மாதமாக உயிரை எடுத்துவிட்டான். கூரை திறக்கிற மாடல்தான் வேண்டுமாம்.

"மஹ்விஷ் தலைய வெளிய நீட்டிக்கினு வந்தா எப்டி இருக்கும்பா!" மஹ்விஷ் அவன் மகள், நாலு வயசு.

"இன்னாத்துக்கு நீட்டணும்? உள்ளாரயே குந்திக்கினு வரட்டும்."

விற்பனைப் பெண் அன்புக்கரசி பொறுமைசாலி. கூரை திறக்கும் மாடலில் முன்னால் இரண்டு ஏர்பேக் மட்டும்தான், அதே விலைக்கு இன்னொன்றில் ஆறு உண்டு, பின்சீட்டில் நடுவில் உட்காருபவருக்கும் தோள் பெல்ட் உண்டு என்று நிதானமாகச் சொன்னாள். பிறகு அந்த ஆறு ஏர்பேக் காரின் முன்கதவைத் திறந்து, சீட்டின் ஓரத்தில் 'ஏர்பேக்' என்று எழுதித் தைத்திருந்த சின்னத் துணி லேபிளைக் காட்டினாள்.

"பக்கத்துல இருந்து யாராவது இடிச்சா, பேக் இங்க கிழிச்சிக்கிட்டு வெளிய வரும் சார்."

பாஷா அதைத் தடவிப் பார்த்தார். அவருக்கா தெரியாது! எத்தனை காரில் அந்த லேபிளின் மேல் ரெக்சினை இழுத்து, இரட்டைத் தையல் போட்டு மூடியிருக்கிறார்.

"இதே போதும்மா" என்றார். காஷிஃப் வீடு வரைக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

பாஷாவின் மனசில் கிடந்தது வேறு கதை. மூன்று மாதம் முன்னால் மயிலாப்பூரிலிருந்து ஜானகி என்று ஒரு அம்மா வந்தாள். அடையாறு சிக்னலில் பக்கவாட்டில் வேன் இடித்த கார். கதவை மாற்றி எடுத்து வந்திருந்தாள், கிழிந்த கவரையும் மாற்ற வேண்டும்.

"ஏர்பேக் வெளில வரவே இல்லை பாய். ஆத்துக்காரர் இடுப்பெலும்பு ஒடைஞ்சு இன்னும் படுத்துண்டுதான் இருக்கார். கார் பண்ணினவா தப்பா இருக்குமோ?"

பாஷா கவரைப் பிரித்தார். அவரே போட்ட தையல். அதற்கு உள்ளே பை விரிய இடமில்லாமல் சுருண்டு கிடந்தது. வாயில் வந்தது என்னவோ "தெரியலம்மா" என்ற ஒரு வார்த்தைதான். ச்சே, அன்றைக்குப் போன தூக்கம் இன்னும் திரும்பவில்லை.

புதுக் கார் வாசலுக்கு வந்தது. மனைவி ஜஹனாரா மறுநாளே மெரூன் நிற ரெக்சினைத் தேர்ந்தெடுத்துவிட்டாள்.

"ஊரு காருக்கெல்லாம் தச்சிப் போடுறீங்க, நம்ம காரு மட்டும் மொட்டையா நிக்கணுமா? சம்பந்தி வூட்டுல சிரிப்பாங்க."

"அழுக்கானா தொடச்சிக்கலாம்."

"இன்னாங்க இது? வேற கடைல குடுத்தாவது போட்டுடறேன்."

"வேணாம் ஜஹனாரா!" பாஷா கத்தியே விட்டார். பிறகு குரல் இறங்கிப் போனது. "கவர் போட்டா அந்த பேக் வெளிய வராது. புள்ளைங்க அந்தக் கார்லதான் போவப் போவுதுங்க."

ஜஹனாரா கையிலிருந்த ரெக்சின் துண்டைக் கீழே வைத்தாள்.

"அப்போ ஊருக்குத் தச்சதெல்லாம்?"

பாஷா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

காலையில் கடை ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்தார். செல்போனில் மயிலாப்பூர் நம்பரைத் தேடி எடுக்க வெகு நேரமாயிற்று. மணி அடித்தது, எடுத்துவிட்டாள்.

"ஜானகிம்மா, சீட் கவர் பாஷா பேசறேன். அன்னிக்கு ஒண்ணு கேட்டீங்களே, தெரியலன்னு சொன்னேன். தெரியும்மா."